கேளுங்கள், சொல்கிறோம்: வீட்டில் மனநோய்ப் பராமரிப்பு
பதில்கள்: மனநலச் செவிலியர்கள்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. மனச்சிதைவு நோய் என்று 3 வாரம் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னமும் காதில் குரல் கேட்பதாகச் சொல்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் தன்னைத் திட்டுகிறாராம். "யாரும் பேசலைடா" என்றால் சண்டை. ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், விருத்தாசலம்

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. உங்கள் குரல் எப்படிக் கேட்கிறதோ அப்படியே அந்தக் குரலும் அவருக்குக் கேட்கிறது. இல்லை என்று சாதித்தால் நீங்களும் எதிராளி ஆகிவிடுவீர்கள். ஆமாம் என்றால் சந்தேகத்துக்குச் சாட்சி கிடைத்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எனக்கு அது கேக்கலப்பா. உனக்குக் கேக்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா?" பேச்சு பக்கத்து வீட்டை விட்டு அவருடைய பயத்துக்குத் திரும்பும். நீங்கள் உதவ முடிந்த இடம் அதுதான்.

குரல் என்ன சொல்கிறது என்று அமைதியாக ஒருமுறை கேளுங்கள். "செத்துப்போ", "அவனை அடி" என்று கட்டளையிட்டால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

பேசும்போது எதிரே நிற்காமல், ஒரு கை தூரம் விட்டுப் பக்கவாட்டில் உட்காருங்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள். அடுப்படியில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசினாலும் தன்னைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்வார்; சாதாரணக் குரலிலேயே பேசுங்கள். குரல் தொந்தரவு செய்யும் நேரத்தில் ஹெட்போனில் பாட்டுக் கேட்பது, வாய்விட்டுப் படிப்பது, முணுமுணுவென்று பாடுவது பலருக்கு உதவுகிறது. மருந்து வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும். பெரும்பாலும் குரல் ஒரே நாளில் நிற்காது. முதலில் அதன் தொல்லைதான் குறையும். அதுவும் முன்னேற்றமே. எத்தனை மணிக்குத் தூங்கினார், எப்போது எழுந்தார் என்று நோட்டில் தினமும் எழுதுங்கள். நோய் திரும்பும்போது பலருக்கும் முதலில் கெடுவது தூக்கம்தான்.

கேள்வி: கணவர் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்பிவிடுகிறார். பொடித்துச் சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: கூடாது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் முழு அளவும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். எல்லாவற்றையும்விட, சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே பயப்படுகிறவராக இருந்தால், தெரியவரும் அன்று அந்தப் பயம் உண்மையாகிவிடும். பிறகு மருந்தோடு சோறும் நின்றுபோகும்.

ஏன் துப்புகிறார் என்று கேட்டீர்களா? பகலெல்லாம் தூக்கம், எடை கூடுவது, கை நடுக்கம், தாம்பத்தியச் சிக்கல் என்று காரணம் இருக்கும். கடைசியாகச் சொன்னதை மனைவியிடம் பலர் சொல்வதே இல்லை. டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள். உட்கார முடியாமல் கால் பரபரத்து அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தால், அது நோய் முற்றியதால் அல்லாமல் மருந்தாலேயே வந்திருக்கலாம். அளவை மாற்றினால் அடங்கும். ஹாலோபெரிடால் போன்ற மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே செருகினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு ஊசியில் சரியாகிவிடும். கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்து, பேச்சும் குழம்பினால் உயிருக்கே ஆபத்து. அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் ஓடுங்கள்.

கொடுக்கும் முறை: மாத்திரையை அவர் கையிலேயே கொடுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடிக்கட்டும், பிறகு 10 நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசுங்கள். வாயைத் திறக்கச் சொல்லி விரல் விட்டுத் தேடாதீர்கள். வாயில் கரையும் மாத்திரையும், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கின்றன. அவர் சம்மதத்தோடு கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அக்காவுக்கு இருமுனைக் கோளாறு (மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்), அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாள். ரத்தத்தில் அளவு பார்க்கச் சொன்னார்கள். எப்போது எடுக்க வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. இரவு 8 மணிக்குப் போட்டால் மறுநாள் காலை 8 மணிக்கு, காலை மாத்திரைக்கு முன்னால். மாத்திரை போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாகக் கூடும்; அதைப் பார்த்து டோஸைக் குறைத்தால் நோய் திரும்பும். ரத்தம் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவிய குழாயில் ரத்தம் எடுத்தாலும் இதே கோளாறுதான். எதற்கான பரிசோதனை என்று லேபில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. சிறுநீரகம் லித்தியத்தை உப்பைப் போலவே நடத்துகிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும். அதனால் திடீரென்று உப்பைக் குறைப்பது, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், சித்திரை வெயிலில் நாள் முழுக்க வேலை, வயிற்றுப்போக்கு எல்லாமே ஆபத்து. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் கடையில் வாங்கிப் போடுவதும் அப்படியே. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அளவைக் கூட்டும். கைவிரல் லேசாக நடுங்குவது சாதாரணம். டம்ளர் பிடிக்க முடியாமல் கை உதறுவது, வாந்தி, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றே காட்டுங்கள்.

கேள்வி: தம்பி மன அழுத்தத்தில் இருக்கிறான். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் நாமே அதை விதைத்ததாக ஆகாதா?
– வாசகி, மதுரை

பதில்: ஆகாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அந்தப் பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பூச்சிமருந்தை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்கள். மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி நீங்களே வைத்திருங்கள். தனியே விடாதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முதல் வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும்: மனம் தேறுவதற்கு முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடலாம். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண். 24 மணி நேரமும் பேசலாம்.

கேள்வி: ஆவேசம் வந்தால் சங்கிலியால் கட்டலாமா?
– வாசகர், சேலம்

பதில்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் அதைத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். கூட்டத்தைக் கலையுங்கள், கத்தி கட்டையை அகற்றுங்கள், ஒருவர் மட்டும் தணிந்த குரலில் பேசட்டும், வாசல் வழி திறந்திருக்கட்டும். அடங்காவிட்டால் 108.

கேள்வி: வார்டில் ஒரு நோயாளி வாயே திறப்பதில்லை. நான் என்ன செய்வது?
– செவிலியர் மாணவி, சென்னை

பதில்: பெயரைச் சொல்லுங்கள், "10 நிமிஷம் இங்க உக்கார்றேன், பேசணும்னு இல்ல" என்று சொல்லி உட்காருங்கள். மௌனத்தை நிரப்பக் கேள்விமேல் கேள்வி கேட்காதீர்கள். எழும்போது மறுபடி எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள். நாளை 11 மணி என்றால் 11 மணிக்கே அங்கே இருங்கள்.