இரண்டாயிரம் இருக்கைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

குடியாத்தம் பக்கத்துக் கிராம சபை ஒன்றில் வாலிபர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஆலயம் மிஷனரிகள் காலத்து ஓட்டுக் கட்டடம். நெருக்கி உட்கார்ந்தால் இருநூறு பேர். அதை இடித்துவிட்டு இரண்டாயிரம் பேர் உட்காரும்படி கட்ட வேண்டும், மாவட்டத்திலேயே பெரிய ஆலயமாக இருக்க வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறது. ஒருவர் ரோம், நைஜீரியா, கொரியா என்று உலகத்தின் பெரிய ஆலயங்களின் கணக்கையெல்லாம் ஒப்பித்தார். வீட்டுக்கு வந்து தேடினேன். பட்டியலுக்குப் பட்டியல் முதலிடம் மாறுகிறது. உண்மையில் எதுதான் பெரியது? பெரிதாகக் கட்டுவதில் தப்பு ஏதும் உண்டா?

– ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லலாம். இருக்கைகளை மட்டும் எண்ணினால் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் 2018இல் திறந்த குளோரி டோம். ஒரு லட்சம் பேர் உட்காரலாம் என்று அந்தச் சபையார் சொல்கிறார்கள். அதே நாட்டில் ஓட்டா என்ற ஊரில் 1999இல் திறந்த ஃபெயித் டேபர்னக்கிளுக்கு 50,000 இருக்கைகள். உங்கள் கமிட்டிக்காரர் சொன்ன நைஜீரியா இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

ரோமின் கதை வேறு. புனித பேதுரு பேராலயத்தில் 60,000 பேர் கொள்வார்கள் என்று பல புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். உள்ளே சுமார் 15,000 சதுர மீட்டர் இடம். வகுத்துப் பாருங்கள், சதுர மீட்டருக்கு நான்கு பேர் வரும். தூண், பீடம், நடைபாதை எதையும் கழிக்காமல், எல்லோரும் தோளோடு தோள் உரச நின்றால்தான் அந்தக் கணக்கு. அந்தப் பேராலயத்தின் நடுக்கூடத்தில் நிரந்தர பெஞ்சுகளே கிடையாது. பெரிய திருப்பலி நடக்கும்போது நாற்காலி போடுகிறார்கள், முடிந்ததும் எடுத்துவிடுகிறார்கள். 1506இல் தொடங்கி 1626இல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம் அது. ஜனங்கள் நடந்து வரவும், நிற்கவும், முழங்கால் போடவும், பவனி போகவும் கட்டினார்கள்.

ஐவரி கோஸ்ட்டில் யாமூசுக்ரோ பசிலிக்காவைப் பாருங்கள். அந்நாட்டு அதிபர் ஊஃபுவே-புவான்யி தன் சொந்த ஊரில் கட்டியது. 1990இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்து அர்ச்சித்தார். சிலுவையோடு சேர்த்து உயரம் 158 மீட்டர், ரோமைவிட அதிகம். சில பட்டியல்களில் உலகிலேயே பெரிய ஆலயம் அதுதான். உட்காரும் இடமோ ஏழாயிரம். நிற்பவர்களைச் சேர்த்தால் பதினெட்டாயிரம். இப்போது பட்டியல்கள் ஏன் அடித்துக்கொள்கின்றன என்று தெரிகிறதல்லவா? ஒருவர் தரையை அளக்கிறார், ஒருவர் உயரத்தை, ஒருவர் நிற்பவரை, ஒருவர் நாற்காலியை.

பழைய ஐரோப்பிய ஆலயங்களில் பெரும்பாலும் நின்றுதான் வழிபட்டார்கள். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் இன்றும் அப்படித்தான். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்துக்குப் பிறகு பிரசங்கம் நடுவிடத்துக்கு வந்தது, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கேட்க வேண்டியிருந்தது, பெஞ்சு எங்கும் பரவியது. நம் பக்கத்துக் கிராமச் சபைகளில் பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தார்கள். பாயில் இடம் தீர்ந்துபோவதே இல்லை, குழந்தைகள் மடிக்குப் போய்விடும். பிளாஸ்டிக் சேர் வந்த பிறகுதான் நமக்கும் இந்த எண்ணிக்கைக் கவலை வந்திருக்கிறது.

பெஞ்சு வந்தபின் அடுத்த சிக்கல் குரல். கமிட்டியில் இதைத்தான் நீங்கள் பேச வேண்டும். 1711இல் லண்டனில் ஐம்பது புது ஆலயங்கள் கட்டச் சட்டம் வந்தபோது, புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் தன் அனுபவத்தை ஒரு கடிதமாக எழுதினார். நடுத்தரமான குரல் உள்ள ஒருவர் பேசினால் முன்புறம் 50 அடி, இரு பக்கமும் 30 அடி, பின்புறம் 20 அடி வரை தெளிவாகக் கேட்கும். அதனால் எல்லோரும் கேட்கவும் பார்க்கவும் வேண்டுமென்றால் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஒரு ஆலயம் கட்டாதீர்கள் என்றார். மேலே மாடம் வைத்து அங்கேயும் ஆட்களை உட்கார வைத்தும் அவர் சொன்ன உச்ச வரம்பு இரண்டாயிரம்தான். உங்கள் கமிட்டி அங்கேதான் தொடங்குகிறது! 1861இல் லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜனின் மெட்ரோபாலிட்டன் டேபர்னக்கிள் ஆலயம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து மைக் இல்லாமல் ஆராதனை நடத்தியது என்றால், சுற்றிலும் இரண்டடுக்கு மாடம் கட்டி ஜனங்களைப் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் ஒரு காரணம், ஸ்பர்ஜனின் குரல் இன்னொரு காரணம்.

மைக் இருக்கிறதே என்பீர்கள். மைக் சத்தத்தைக் கொண்டுபோகும், தெளிவைக் கொண்டுபோகாது. கிரானைட் தரை, வழவழப்பான சுவர், கண்ணாடி ஜன்னல், மேலே கான்கிரீட் தளம் என்று கட்டி நாலு ஸ்பீக்கர் மாட்டினால், ஒரு வார்த்தை அடங்குவதற்குள் அடுத்த வார்த்தை அதன்மேல் ஏறும். கடைசி வரிசைப் பாட்டிக்கு வேத வாசிப்பு இரைச்சலாகத்தான் கேட்கும். உங்கள் ஓட்டுக் கட்டடத்தில் திறந்த ஜன்னல்களும் ஓட்டு இடுக்குகளும் சத்தத்தை வெளியே விட்டுவிடுகின்றன. வெக்கையையும் விட்டுவிடுகின்றன. அக்னி நட்சத்திரத்தில் இரண்டாயிரம் பேரை தகர ஷீட்டுக்குக் கீழே உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று குடியாத்தத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரிதாகக் கட்டுவது பாவமில்லை, தம்பி. தேவைக்குக் கட்டினால் அழகு. திருவண்ணாமலைப் பக்கத்துச் சேத்துப்பட்டில் பிரெஞ்சு மிஷனரி தராஸ் சுவாமி எழுப்பிய லூர்து மாதா கோயில் சின்னக் கட்டடமா? அதைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறையும். வேலூர்க் கோட்டைக்குள் 1846இல் பட்டாளத்துக்காகக் கட்டிய புனித யோவான் ஆலயம் அளவில் சிறியது, அதுவும் அன்றைய தேவைக்குச் சரியாக இருந்தது. உங்கள் சபையில் சாதாரண ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள்? கிறிஸ்துமஸையும் அறுப்பின் பண்டிகையையும் விட்டுவிட்டு, ஆடி மாதத்து ஒரு ஞாயிறை எண்ணுங்கள். நூற்றைம்பதா? அப்படியானால் இரண்டாயிரம் இருக்கையில் ஆயிரத்து எண்ணூற்றைம்பது காலி. அந்தக் காலி இடத்துக்கும் கரண்ட் பில் உண்டு, கடனுக்கு வட்டி உண்டு. அதைக் கட்டப்போவது தோல் ஷாப்பிலும் பீடித் தட்டிலும் உழைக்கிற உங்கள் அம்மாமார்கள்.

கொரியாவில் யோய்டோ சபை 1958இல் ஒரு வீட்டில் தொடங்கி, பிறகு கூடாரத்துக்கு மாறியது. உறுப்பினர்கள் பல லட்சம் என்கிறார்கள். பிரதான ஆலயத்தில் உட்கார இடம் சுமார் 12,000 தான். ஒரே நாளில் பல வேளை ஆராதனை வைத்து அதே இருக்கைகளைத் திரும்பத் திரும்ப நிரப்புகிறார்கள். கேரளத்து மாராமண் கூட்டம் 1895 முதல் பம்பை ஆற்று மணலில் பந்தலில் நடக்கிறது. எத்தனை பெரிய ஜனக்கூட்டம்! கட்டடமே இல்லை.

ஆகவே என் கருத்து: இடிக்காதீர்கள். ஓட்டை மாற்றி, மரத்தைச் சோதித்து, பக்கவாட்டில் வராந்தா இழுத்தால் முந்நூறு முந்நூற்றைம்பது பேர் உட்காரலாம். இரண்டு வேளை ஆராதனை வையுங்கள், பண்டிகைக்குப் பந்தல் போடுங்கள். கீற்றுப் பந்தல் வேண்டாம். 1997இல் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலில் பிடித்த தீயில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனதை நாம் மறக்கக் கூடாது.

கமிட்டி கேட்காமல் புதிதாகத்தான் கட்டும் என்றால், வரைபடத்தில் இருக்கைகளை எண்ணும் முன் கதவுகளை எண்ணுங்கள். 1863 டிசம்பர் 8 அன்று சிலி நாட்டுச் சாந்தியாகோவில் மாதா திருநாளன்று ஒரு ஆலயம் தீப்பிடித்தது. வாசலில் நெரிசல் அடைத்துக்கொண்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வர முடியாமல் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். உங்கள் கமிட்டி கேட்கும் அதே எண்ணிக்கை. ஆகவே நாலு பக்கமும் வாசல், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, சக்கர நாற்காலிக்குச் சரிவு. இந்த மூன்றையும் பொறியாளரிடம் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கமிட்டி ஒப்புக்கொண்டால் வரைபடத்தை எனக்கும் அனுப்புங்கள். ஒலியமைப்பு தெரிந்த நண்பர் ஒருவர் காட்பாடியில் இருக்கிறார், அவரிடம் காட்டித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா