ஏஐ சொன்ன அளவில் மருந்து அடிக்கலாமா?

கேள்வி: காபிச் செடியில் இலைக்கு அடியில் மஞ்சள் பொடி. படம் எடுத்து ஏஐ செயலியிடம் காட்டினேன். இலைத்துரு நோய், 1 சதவீத போர்டோ கலவை அடியுங்கள் என்றது. அப்படியே செய்யலாமா?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: நோயைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறது. அடிப்பக்கத்துப் பொடி விரலில் ஆரஞ்சாக ஒட்டினால் துருநோயேதான். சறுக்கியது அளவில். காபிக்கு 0.5 சதவீதம் போதும்: 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை கிலோ, சுண்ணாம்பு அரை கிலோ. உங்கள் நிழல் மரங்களில் மிளகு ஏறியிருந்தால், அதற்குத்தான் 1 சதவீதம். பாக்குக்கும் அதே. இணையத்தில் அதிகம் புழங்கும் அளவு அதுதான் என்பதால், பயிரைப் பார்க்காமல் அதையே எடுத்துக் கொடுத்திருக்கும்.

மயில்துத்தத்தை 50 லிட்டரிலும், நீற்றிய சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரையுங்கள். பிளாஸ்டிக் டிரம் நல்லது. இரும்பு வாளி வேண்டாம், துத்தம் அதை அரித்துவிடும். சுண்ணாம்புப் பால் நன்றாக ஆறிய பிறகு வடிகட்டி, அதில் துத்தக் கரைசலை மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் கலவை திரியும். துருவில்லாத கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். படியாத வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். கலக்கிய அன்றே, இலையின் அடிப்பக்கம் நனைய அடித்து முடியுங்கள்.

இது வருமுன் காக்கும் மருந்து. பருவமழைக்கு முன்னும் பின்னும் அடிப்பது அதனால்தான். பொடி ஏற்கெனவே தோட்டம் முழுக்கப் பரவியிருந்தால் காபி வாரிய அலுவலரைக் கேட்காமல் பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஏஐயிடம் கேட்பதானால் பயிரின் பெயரைச் சொல்லி, அளவுக்கு ஆதாரமும் கேளுங்கள். அது தரும் இணைப்பைத் திறந்து எண்ணை நீங்களே பாருங்கள். இணைப்பு திறக்கவில்லையா, அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

கேள்வி: கொலுசுப் பட்டறை நோட்டைப் படம் எடுத்துக் கொடுத்தால் ஏஐ அட்டவணை போடுகிறது. ஆனால் மொத்த எடை தராசோடு ஒத்துப்போகவில்லையே?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: இரண்டு தவறுகள் சேர்ந்திருக்கும். கையெழுத்தில் 1, 7 ஆகிவிடும், 48.350இல் புள்ளி காணாமல் போகும். அது வாசிப்புப் பிழை. மற்றது கூட்டல் பிழை: நீளமான எண் வரிசையை ஏஐ கணக்கிடாமல் உத்தேசமாகச் சொல்லிவிடுவதுண்டு. கூட்டச் சொல்லவே வேண்டாம். ஒரு படத்துக்கு ஒரு பக்கம். போனின் நிழல் விழக் கூடாது. “எழுத்து புரியாத இடத்தில் கேள்விக்குறி போடு, ஊகிக்காதே” என்று சொல்லி எண்களை மட்டும் வாங்குங்கள். வரிகள் நோட்டில் உள்ள அளவு இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டு, எக்செலில் ஒட்டிக் கூட்டுங்கள். வாடிக்கையாளர் பெயர், போன் எண் உள்ள ஓரத்தைத் தாளால் மறைத்துப் படம் எடுப்பது நல்லது.

கேள்வி: பெங்களூரில் இருக்கும் மகன் குரலிலேயே புது எண்ணிலிருந்து பணம் கேட்டார்கள். குரலைக்கூடத் திருட முடியுமா?
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: முடியும். 3 விநாடி ஒலிப்பதிவை வைத்தே ஒருவர் குரலைப் போலச் செய்யும் ஏஐ மாதிரியை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மகன் பேசியதே போதும். குரலை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். அழைப்பைத் துண்டித்து, உங்களிடம் உள்ள அவருடைய பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீட்டார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை நேரில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

பணம் போய்விட்டால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைப்பது. யுபிஐ ரசீதில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களிலேயே பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும். எந்தக் கணக்கில் இன்னும் நிற்கிறதோ அங்கேதான் முடக்க முடியும்.