கூட்டத்தில் எல்லோருக்கும் தவறென்று பட்டும் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

பயம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். மேலதிகாரியின் கோபம், வேலை, பதவி உயர்வு எல்லாம் உண்மைதான். ஆனால் இழக்க ஒன்றுமில்லாத இடத்திலும் மனிதர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அங்கே நடப்பது வேறு. மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துக் கணிக்கிறோம். அவர்களும் நம் முகத்தைப் பார்த்துத்தான் கணிக்கிறார்கள். எல்லோரும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டால், எல்லோருக்கும் கிடைக்கும் தகவல் ஒன்றுதான்: 'இங்கே பிரச்சினை எதுவும் இல்லை.'

1968இல் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரு சமூக உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர் ஒருவர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறார். சுவரிலிருக்கும் துவாரம் வழியாகப் புகை உள்ளே வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைத்த இருவர் கூட இருந்தபோது, சொன்னவர்கள் 10 சதவீதம்தான். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், கையால் புகையை விலக்கிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். பிறகு கேட்டால், நீராவி என்று நினைத்தேன், குளிர்சாதனத்திலிருந்து வருகிறது என்று நினைத்தேன் என்றார்கள். பக்கத்திலிருப்பவர்கள் சும்மா இருந்ததால் நானும் சும்மா இருந்தேன் என்று அவர்களுக்கே தோன்றவில்லை. என்னை அதிகம் கலங்கவைப்பது இந்த இடம்தான். கோழைத்தனம் என்றால் உள்ளுக்குள் உறுத்தும். இங்கே உறுத்தலே இல்லை, கண்ணெரிச்சலுக்கே வேறு அர்த்தம் கிடைத்துவிடுகிறது.

இதே காரணத்தால்தான் அலுவலகக் கூட்டத்தில் "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்ற கேள்வி வீணாகப் போகிறது. நான் இருந்த ஒரு கூட்டத்தில், முடிக்கவே முடியாத ஒரு தேதியைக் குறித்துவிட்டு இப்படித்தான் கேட்டார்கள். எல்லோரும் குனிந்து எதையோ குறிப்பெடுத்தார்கள். மாடிப்படி இறங்கும்போதே ஒருவர், "இது நடக்கிற காரியமாங்க?" என்று ஆரம்பித்தார். கீழே போவதற்குள் அத்தனை பேரும் அதையே சொல்லிவிட்டார்கள்.

அதற்காக மனிதர்களை ஆட்டுமந்தை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 2019இல் வெளியான ஓர் ஆய்வு இங்கிலாந்தின் லான்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நகரங்களில் கண்காணிப்புக் கேமராவில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பதில், வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவராவது உள்ளே புகுந்து தடுத்திருக்கிறார். கூட்டம் கூடக்கூட அதற்கான வாய்ப்பும் கூடியது. கண்ணெதிரே அடிதடி நடந்தால் அது என்னவென்று யாரையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. புகையும் தேதியும் அப்படியல்ல. சந்தேகம் இருக்கும் இடத்தில்தான் பக்கத்து முகத்தைத் தேடுகிறோம்.

மற்றவர்கள் நம்மேல் வைத்திருக்கும் அந்தப் பிடி எவ்வளவு லேசானது என்பதை 1950களிலேயே சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் காட்டிவிட்டார். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் அவருடைய சோதனையில், கூட இருந்தவர்கள் வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை அதையே சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், அது ஐந்து, ஆறு சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் பெரிதும் குறைந்தது.

எனவே கூட்டம் உங்கள் பொறுப்பில் இருந்தால், பேச்சு தொடங்கும் முன்பே ஒவ்வொருவரையும் தன் கருத்தை எழுதித்தரச் சொல்லுங்கள். உங்கள் முடிவைக் கடைசியில் சொல்லுங்கள். "ஆட்சேபம் உண்டா?" என்பதை விட்டு, "இது எங்கே இடிக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொறுப்பில் இல்லாதவர் என்றால், "எனக்கு இது புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்ற ஒரு வரி போதும். எதிர்ப்பாகவும் தெரியாது, பக்கத்திலிருப்பவருக்கும் பேச இடம் கிடைக்கும்.