மூத்த மகனுக்கு வெறும் 5 ஷில்லிங்கா?

கேள்வி: என் மருமகள் அமெரிக்கப் பெண். மசாசுசெட்ஸ் மாகாணம், வூஸ்டர் கவுண்டியில் விவசாயியாக இருந்த அவளுடைய முன்னோர் ஒருவரின் உயில் நகல் கிடைத்திருக்கிறது. தேதி ‘பிப்ரவரி 10, 1747/48’. அவர் இறந்தது 1751-ல். மனைவிக்கு ‘என் விதவையாக இருக்கும் வரை’ வீட்டின் கிழக்கு அறை, வருடத்துக்கு 10 புஷல் மக்காச்சோளம், ஒரு பசுவுக்குக் கோடையிலும் குளிரிலும் தீனி, வாசலில் கொண்டுவந்து போட வேண்டிய விறகு. மூத்த மகனுக்கு ‘ஏற்கனவே கொடுத்தது போக’ 5 ஷில்லிங். 60 ஏக்கர் பண்ணை முழுவதும் இளைய மகனுக்கு. அந்த இளைய மகன் தன் இரண்டு சகோதரிகளுக்கும் ஆளுக்கு 150 பவுண்ட் ‘ஓல்ட் டெனர்’ 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். மனைவியையும் மூத்தவரையும் வஞ்சித்துவிட்டாரா? அன்று அவர்கள் வழக்குப் போட்டிருக்க முடியுமா? இன்று எங்களுக்கு ஏதாவது பாத்தியதை உண்டா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: கிடையாது. மசாசுசெட்ஸில் 20 வருட எதிரிடை அனுபவமே (அடுத்தவர் நிலத்தை அவர் அனுமதி இல்லாமல் வெளிப்படையாக, தொடர்ந்து அனுபவிப்பது) உரிமையாகிவிடும். இங்கே கடந்துபோனது 270 வருடம்.

இனி உயிலுக்கு வருவோம். தேதியில் இரண்டு வருடம் இருப்பது எழுத்துப்பிழை அல்ல. 1752 வரை ஆங்கிலேயச் சட்டப்படி புது வருடம் பிறந்தது மார்ச் 25-ல்தான். இன்றைய கணக்கில் இது 1748.

அவர் உயில் எழுதாமலே இறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தால்தான் ஏன் எழுதினார் என்பது விளங்கும். 1692-ல் வந்த மாகாணச் சட்டப்படி, அசையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு நிரந்தரமாகப் போகும். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருடைய ஆயுள் வரை மட்டும். மீதியைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. இது பைபிளின் உபாகமம் 21-ஆம் அதிகாரத்திலிருந்து வந்த வழக்கம். நான்கு பிள்ளைகள் என்றால் ஐந்து கூறு: மூத்தவருக்கு 2, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று. நிலத்தைத் துண்டு போட்டால் கெட்டுவிடும் என்று நீதிமன்றம் கருதினால், மதிப்பைக் கட்டி முழுவதையும் எடுத்துக்கொள்ளும் முதல் வாய்ப்பும் மூத்தவருக்கே. 60 ஏக்கர் அப்படிப்பட்ட நிலம்தான். பெற்றோருடன் தங்கி ஏர் பிடித்த இளையவருக்குப் பண்ணை சேர வேண்டுமானால் உயில் எழுதியே ஆக வேண்டும். (இதே மனிதர் வர்ஜீனியாவில் உயில் இல்லாமல் இறந்திருந்தால் நிலம் முழுக்க மூத்தவருக்குப் போயிருக்கும், அங்கே அந்த முறையை மாற்றும் சட்டம் 1785-ல்தான் வந்தது.)

மூத்தவரை அப்பா கைவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். ‘ஏற்கனவே கொடுத்தது போக’ என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு கவுண்டி பத்திரப் பதிவேட்டில் தந்தை பெயரில் தேடுங்கள். ‘அன்பின் பொருட்டு’ என்று காரணம் சொல்லி மகனுக்கு எழுதிய பத்திரம் பெரும்பாலும் அங்கே இருக்கும். அந்தக் காலத்து விவசாயிகள் உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். உயில் அதில் கடைசித் தவணை. அப்படியானால் 5 ஷில்லிங் எதற்கு? இங்கிலாந்துச் சட்டத்தில் அதற்குத் தேவையே இல்லை, அது பாமர நம்பிக்கை என்று 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் சொல்லியிருக்கிறார். ஆனால் மசாசுசெட்ஸில் 1700-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருந்தது. உயிலில் எதுவும் வைக்காமல் விட்ட பிள்ளை, உயிலே இல்லாததுபோல் தன் பங்கைக் கேட்கலாம். 5 ஷில்லிங் அந்த வாசலை அடைத்துவிட்டது.

உயிலில் எனக்கு உறுத்துவது வேறு. ‘பண்ணையை என் இளைய மகனுக்குக் கொடுக்கிறேன்’ என்று மட்டும் இருக்கிறதா, ‘அவனுக்கும் அவன் வாரிசுகளுக்கும்’ என்று இருக்கிறதா? அன்றைய சட்டத்தில் ‘வாரிசுகள்’ என்ற சொல்லோ, முழு உரிமையைக் காட்டும் வேறு சொல்லோ இல்லாவிட்டால், கிடைப்பது ஆயுட்கால அனுபவம் மட்டுமே. அவர் காலத்துக்குப் பிறகு நிலம் தந்தை உயில் எழுதாமல் விட்ட சொத்தாகி, மூத்தவரின் இரட்டைப் பங்கு திரும்பி வந்துவிடும். ‘அவன் உடலின் வாரிசுகளுக்கு’ என்றிருந்தால் அது விற்க முடியாதபடி சந்ததிக்குப் பூட்டிய நிலம். ‘வாரிசுகள்’ என்ற சொல்லே விடுபட்டிருந்தாலும் இந்த உயில் பிழைத்துக்கொள்ளும். காரணம், சகோதரிகளுக்கான பணத்தை இளையவர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை. கொடுத்துவிட்டு மறுநாளே அவர் இறந்தால் நஷ்டமாகுமே, அதனால் முழு உரிமை தரவே நினைத்திருப்பார் என்று இங்கிலாந்தில் நடந்த 1595-ஆம் வருட கோலியர் வழக்கிலிருந்தே நீதிமன்றங்கள் பொருள் கொண்டன. ‘நிலத்து வருமானத்திலிருந்து கொடு’ என்று எழுதியிருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. அந்த வரியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

மனைவிக்கு வழி இருந்தது. நிலத்தில் ‘டவர்’ எனப்படும் அந்த மூன்றில் ஒரு பங்கை, அவர் சம்மதம் இல்லாமல் கணவர் உயிலால் பறிக்க முடியாது. ‘டவருக்குப் பதிலாக’ என்று உயில் சொன்னால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. மறுமணம் செய்தால் கிழக்கு அறையும் விறகும் போய்விடும். டவராக வரும் 20 ஏக்கர் அனுபவமோ மறுமணம் செய்தாலும் ஆயுள் வரை நிற்கும், கணவருக்குக் கடன் கொடுத்தவர்களும் தொட முடியாது. ஆனால் வயதான பெண் 20 ஏக்கரை யாரை வைத்து உழுவார்? வெட்டிய விறகும் தீனி போட்ட பசுவும் அவருக்கு நடைமுறையில் மேலாகத் தோன்றியிருக்கலாம். அவர் எதைத் தேர்ந்தார் என்பது புரோபேட் கட்டில் (உயில் தொடர்பான நீதிமன்ற ஆவணங்களில்) தெரியும்.

மகள்களின் 150 பவுண்டைப் பார்த்து மலைக்க வேண்டாம். ‘ஓல்ட் டெனர்’ என்பது மதிப்பிழந்த காகிதப் பணம். 1750-ல் மாகாணம் அதை 7.5-க்கு 1 என்று வெள்ளி நாணயக் கணக்கில் தீர்த்தது. ஆக 150 என்பது 20 பவுண்ட். டாலருக்கு 6 ஷில்லிங் வீதம் சுமார் 67 ஸ்பானிய வெள்ளி டாலர். திருமணத்தில் கொடுத்த படுக்கை, பசு, ஈயப் பாத்திரங்கள் எல்லாம் இதற்கு முன்பே போயிருக்கும்.

புரோபேட் கட்டில் சொத்து மதிப்பீட்டுப் பட்டியலுக்குப் பிறகு உயிலை நிறைவேற்றியவரின் கணக்கைப் புரட்டுங்கள். மகள்களின் ரசீது கிடைத்தால், மணமானவர் விஷயத்தில் கணவரின் கையெழுத்தைத் தேடுங்கள். மனைவிக்கு வந்த பணம் அன்றைய சட்டப்படி கணவர் கைக்குத்தான் போனது.