பழைய ஓவிய மரபுகளைக் கற்று, இன்றைக்கு மனித உருவங்களை வரைகிறவர்களில் உங்களை மாற்றியவர் யார்?

கெரி ஜேம்ஸ் மார்ஷல். காரணத்தை என் வகுப்பறையிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். "அம்மாவைக் கீறுங்கோ" என்றால் பிள்ளைகள் பஸ்ரல் பெட்டியில் முதலில் தேடுவது இளஞ்சிவப்புத் துண்டைத்தான். அதை 'ஸ்கின் கலர்' என்பார்கள். நாள் முழுக்க வயல் வெயிலில் நிற்கிற அம்மாவுக்கு அந்த நிறம். ஏன் என்று கேட்டேன். "கறுப்பாக் கீறினா வடிவில்லை ரீச்சர்" என்றாள் ஒருத்தி. அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மார்ஷல் 1955இல் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்தவர். 1980இல், கொப்பித் தாள் அளவில் சின்னதாக ஒரு படம் வரைந்தார். கறுப்புப் பின்னணியில் ஒரு கறுப்பு மனிதன். கண்ணும் பல்லும் சட்டையும்தான் வெள்ளை. நிறத்தூளை முட்டைக்கருவில் குழைத்து வரைந்தது. எண்ணெய் வர்ணம் பரவுவதற்கு முன் இத்தாலிய ஓவியர்கள் தேவாலயப் பலகைகளில் கையாண்ட முறை அது. அதற்குப் பிறகு அவருடைய மனிதர்கள் கறுப்புத்தான். ஆனால் ஒரே கறுப்பு இல்லை! எலும்புக்கரி, புகைக்கரி, இரும்பு ஒட்சைட்டு என மூன்று கறுப்புகளை எடுத்து, நீலமோ பச்சையோ ஊதாவோ சேர்ப்பார்.

1993இல் வரைந்த 'டி ஸ்டைல்' ஒரு சலூன் காட்சி. அகலம் 3 மீற்றருக்கு மேல். ஐரோப்பாவில் போர்களையும் வேதாகமக் கதைகளையும் வரைந்த அளவு அது. இவர் தலைமயிர் வெட்ட வந்த சனங்களுக்குக் கொடுத்தார்.

என்னை உலுக்கியது 2012இல் வரைந்த அழகுநிலையப் படம். பெண்களுக்கு நடுவே, நிலத்தில் ஒரு பொன்னிறக் கூந்தல்காரியின் தலை கோணலாக இழுபட்டுக் கிடக்கும். 1533இல் ஜெர்மன் ஓவியர் ஹோல்பைன் தன் 'தூதுவர்கள்' ஓவியத்தில் மண்டையோட்டை இப்படித்தான் சரித்து வைத்தார். பக்கவாட்டில் நின்றால்தான் உருவம் தெளியும். மார்ஷலின் படத்தில் ஒரு குழந்தை குனிந்து அந்தத் தலையைப் பார்க்கிறது. எங்கள் பிள்ளைகளின் பஸ்ரல் பெட்டிக்குள் கிடப்பதும் அந்தத் தலைதான்.

படத்தை அச்செடுத்து வகுப்பில் ஒட்டினேன். இப்போது கறுப்புப் போஸ்டர் கலரில் நீலமும் கபிலமும் குழைத்துக் கொடுக்கிறேன். வடிவில்லை என்ற அதே பிள்ளை போன தவணை அம்மாவைத் திரும்பக் கீறினாள். தோளில் வெயில் விழுந்த இடத்தை ஈரத்துணியால் ஒற்றி வெளிச்சமாக்கியிருந்தாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.