பெற்றோர் கேள்விகள்: கணக்குப் பயம் யாருடையது?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. தினமும் மாலையில் நானே அருகில் அமர்ந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பத்து நிமிடத்தில் அவன் அழத் தொடங்கிவிடுகிறான். நானும் குரலை உயர்த்திவிடுகிறேன். "எனக்குக் கணக்கு வராதுப்பா" என்கிறான். சிறுவயதில் எனக்கும் கணக்கென்றால் பயம்தான். என் பயம் அவனுக்குப் பிறவியிலேயே வந்துவிட்டதா?

பதில்: கணக்குத் திறனில் மரபுக்கு ஒரு பங்கு உண்டு. ஆனாலும் நீங்கள் விவரிக்கும் நிலைக்கான காரணத்தை மரபணுவில் தேடுவதற்கு முன், நீங்கள் இருவரும் அமரும் மேசையில் தேடுவது நல்லது. அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புகளில் படிக்கும் 438 குழந்தைகளை ஒரு பள்ளி ஆண்டு முழுவதும் கவனித்து, 2015-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோரின் பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றார்கள்; ஆண்டு இறுதியில் அவர்களுடைய பயமும் கூடியிருந்தது. ஆனால் அந்தப் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிய வீடுகளில் மட்டுமே இந்த விளைவு தென்பட்டது. அதே அளவு பயமிருந்தும் அதிகம் தலையிடாத பெற்றோரின் பிள்ளைகளிடம் இது காணப்படவில்லை. பயம் பிறவியிலேயே வருவதென்றால், பெற்றோர் உதவினாலும் உதவாவிட்டாலும் வந்திருக்க வேண்டும் அல்லவா?

அது எவ்வழியாகப் போய்ச் சேர்கிறது என்பதை உங்கள் வீட்டிலேயே காணலாம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை 35 என்று எழுதுகிறான். உங்கள் புருவம் நெரிகிறது, ஒரு பெருமூச்சு வருகிறது, அவன் கையிலிருந்த அழிப்பான் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து அவன் எண்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறான். அதன்பின் அவன் சொல்லும் விடைகளெல்லாம் அந்த முகத்தைச் சமாதானப்படுத்தச் சொல்பவை. "15-ஆ? 45-ஆ?" என்று அடுக்கிக்கொண்டே போவான், நீங்களோ அவன் கவனமே செலுத்தவில்லை என்று முடிவு கட்டுவீர்கள்.

உண்மையில் 35 என்பது குருட்டாம்போக்கில் எழுதிய விடையன்று. இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க முடியாதென்பதால் அவன் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான். பத்துகளின் இடத்தில் ஐந்திலிருந்து இரண்டைச் சரியாகவே கழித்திருக்கிறான். "இதை எப்படிப் போட்டாய், எனக்குச் சொல்லேன்" என்று நிதானமாகக் கேட்டிருந்தால் அவனே இதைச் சொல்லியிருப்பான். கடன் வாங்கிக் கழிப்பது என்னும் ஒரே ஒரு படி தெரியாமல் போனது, "எனக்குக் கணக்கே வராது" என்னும் பெரிய தீர்ப்பாக மாறியிருக்காது.

ஆகவே சில வாரங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அவன் உங்களுக்கு விளக்கும்படி கேளுங்கள். பொறுமை தீரும் நாளில் எழுந்து போய்விடுங்கள். வீட்டில் கணக்கைக் கண்டு அஞ்சாத ஒருவர் இருந்தால் அன்றைய பாடத்தை அவரிடம் விடுங்கள். "எனக்கும் அந்த வயதில் வராதுடா" என்று ஆறுதல் சொல்லும் வழக்கமிருந்தால் அதை அறவே விட்டுவிடுங்கள். அப்பாவுக்கே வராதது தனக்கும் வராது என்றுதான் பிள்ளை அதற்குப் பொருள் கொள்வான்.

பாராட்டைப் பற்றியும் ஒரு சொல். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்னும் இரு உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்துவந்த கடினமான புதிர்களில் தோற்றதும் எளிதில் சோர்ந்தார்கள். "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். இக்கருத்தை வைத்துப் பின்னாளில் உருவான பயிற்சிகளால் மதிப்பெண் கூடுவது சிறிதளவே என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாராட்டும் சொல்லை மாற்றியதும் பிள்ளை மாறிவிடுவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். வகுப்பறையில் இருந்த காலத்தில் "கெட்டிக்காரன்" பட்டத்தை நான் தாராளமாக வழங்கியிருக்கிறேன். அதைப் பெற்ற பிள்ளைகள்தான் விடை தெரியாத கேள்விக்குக் கையைத் தூக்கவே தயங்கினார்கள்.

கேள்வி: புத்தகம் படிக்கும் பழக்கம் வர வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு புத்தகத்தையும் முடித்தால் ஒரு பரிசு என்று மகளிடம் சொன்னேன். முதல் மாதம் ஆர்வமாகப் படித்தாள். இப்போது "இதற்கு என்ன தருவாய்?" என்று கேட்காமல் அவள் புத்தகத்தைத் தொடுவதில்லை.

பதில்: உங்கள் மகள் நியாயமாகத்தான் கணக்கிடுகிறாள். ஒரு வேலைக்குக் கூலி உண்டென்றால் அது விரும்பிச் செய்யத்தக்க வேலை அல்ல என்று பெரியவர்களும்தான் எண்ணுகிறோம்.

1973-இல் மார்க் லெப்பர் என்பவரும் அவருடைய இரு துணையாளர்களும் ஒரு மழலையர் பள்ளியில் இதைச் சோதித்தார்கள். வண்ணப் பேனாக்களால் படம் வரைவதைத் தாமாகவே விரும்பிய குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்கு வரைந்து முடித்தபின் எதிர்பாராமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, யாரும் வற்புறுத்தாத விளையாட்டு நேரத்தில் அதே பேனாக்களை வைத்தபோது, முன்கூட்டியே வாக்குறுதி பெற்ற குழுவினர் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. எனவே பரிசைக் காட்டிலும், முன்கூட்டிப் பேசப்படும் பேரமே ஆர்வத்தைக் கெடுக்கிறது என்று கொள்ளலாம்.

பேரத்தை ஒரே நாளில் முறித்தால் சண்டை வரும். வரட்டும், சில நாட்களில் அடங்கிவிடும். அதுவரை அவளைப் படிக்கச் சொல்லாமல், இரவில் நீங்களே ஒரு கதையை வாய்விட்டுப் படித்து, அடுத்து என்ன நடக்குமோ என்று அவள் துடிக்கும் இடத்தில் மூடி வைத்துவிட்டு எழுந்து போங்கள். புத்தகம் அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: என் மகனை நான் அடித்துத்தான் வளர்த்தேன்; இன்று அவன் நல்ல நிலையில் இருக்கிறான். பேரன்மீது கை வைத்தால் மருமகள் தடுக்கிறாள். அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சொன்னது தவறா, ஐயா?

பதில்: மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது, ஐயா. பிள்ளைகளைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். அடியின் விளைவைக் குறித்து ஏறக்குறைய 50 ஆண்டுகளில் செய்யப்பட்ட 75 ஆய்வுகளை, மொத்தம் 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றியவற்றை, எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கேலரும் 2016-இல் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். எலும்பு முறியும் அடியை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. திறந்த கையால் போடும் சாதாரண அடியை மட்டுமே பார்த்தார்கள். அதிகம் அடிபட்ட குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சோர்வும் கூடுதலாகவும், பெற்றோருடனான உறவு தளர்ந்தும் காணப்பட்டன. பிற்காலத்தில் சொல்பேச்சுக் கேட்கும் தன்மை வளர்ந்ததாகத் தெரியவில்லை. முரட்டுப் பிள்ளைகள்தாம் அதிகம் அடி வாங்குகிறார்கள் என்றும் வாதிக்கலாம். அதில் ஓரளவு உண்மையும் இருக்கும். ஆனால் அடியால் நன்மை விளைந்ததாகவும் இந்த ஆய்வுகள் காட்டவில்லை.

உங்கள் மகன் நன்றாக வந்ததற்கு, அடித்த கை தவிர, நீங்கள் அவனுக்காகச் செய்த நூறு காரியங்கள் காரணமாக இருந்திருக்கும். பேரனைப் பொறுத்தவரை தாயின் சொல்லே முடிவானது. தாத்தாவும் தாயும் இரண்டு சட்டம் பேசும் வீட்டில், பிள்ளை எந்த நேரத்தில் யாரிடம் ஓட வேண்டும் என்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்ளும்.

கேள்வி: மகனுக்கு 20 மாதம். நான்கைந்து சொற்கள்தான் பேசுகிறான். சாப்பாடு ஊட்டக் கைபேசியில் பாட்டுப் போட்டால்தான் வாயைத் திறக்கிறான். அதில் நாள் முழுக்கப் பேச்சைக் கேட்கிறானே, ஏன் பேச்சு வரவில்லை?

பதில்: முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள், குழந்தை மருத்துவரிடம் பேச்சைப் பற்றியும் கேளுங்கள். தாமதத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்பதால், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேட்பதால் மட்டும் பேச்சு வருவதில்லை. பதில் கிடைப்பதால் வருகிறது. 1970-களில் எட்வர்ட் டிரோனிக் என்னும் உளவியலாளர், சில மாதக் குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாயைச் சிறிது நேரம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, குரல் கொடுத்தது. எதற்கும் மறுமொழி இல்லை என்றானதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. தாய் எங்கும் போகவில்லை, எதிரிலேயேதான் இருந்தாள். கைபேசியைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டும் நம் முகம் அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம்.

2018-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 4 முதல் 6 வயது வரையிலான குழந்தைகள் எத்தனை சொற்களைக் கேட்டார்கள் என்பதைக் காட்டிலும், பெரியவரும் குழந்தையும் மாறி மாறி எத்தனை முறை பேசிக்கொண்டார்கள் என்பதே, மூளையில் மொழியைக் கையாளும் பகுதியின் செயல்பாட்டோடு நெருங்கிப் பொருந்தியது. அவன் "பா" என்று காட்டினால் "பந்தா? பந்து உருண்டு போச்சா?" என்று கேட்டுவிட்டு, அவன் வாயைத் திறக்கும்வரை சில நொடிகள் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் நமக்குக் கடினம். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பு 2019-இல் தந்த பரிந்துரை. திரையில்லாமல் ஊட்டத் தொடங்கினால் முதல் சில நாட்கள் குறைவாகத்தான் சாப்பிடுவான். எடை சரியாக இருக்கும் குழந்தை என்றால் அதற்காகப் பதற வேண்டியதில்லை.

கேள்வி: ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. மூத்தவன் யாரிடமும் ஒட்டிக்கொள்கிறான். இளையவள் புதியவர்களைக் கண்டால் என் பின்னால் ஒளிகிறாள். நான் எங்கே தவறினேன்?

பதில்: எங்கும் தவறவில்லை. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மனநல மருத்துவர்கள் 1956-இல் நியூயார்க்கில் தொடங்கி 133 குழந்தைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, குழந்தைகள் வெவ்வேறு இயல்புகளோடுதான் வருகிறார்கள் என்று கண்டார்கள். ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் உங்கள் மகளைப் போல மெல்லப் பழகுபவர்கள். இயல்பு எது என்பதைவிட, வீடு அதற்கு ஏற்ப நடந்துகொள்கிறதா என்பதே முக்கியம் என்பது அவர்கள் கருத்து. எனவே ஒரே வளர்ப்பு என்பதைத்தான் நீங்கள் கைவிட வேண்டியிருக்கும். விருந்தினர் வந்ததும் "வணக்கம் சொல்லு" என்று அவளை முன்னே தள்ளாமல், அவர்கள் எதிரில் "இவள் கூச்ச சுபாவம்" என்றும் அறிமுகப்படுத்தாமல், கால் மணி நேரம் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க விடுங்கள். அவளாகவே தன் பொம்மையைக் கொண்டுவந்து காட்டுகிறாளா என்று பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.