குழந்தை வளர்ச்சித் துறை: பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியரும் கேட்டவை

சேலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மனையியல் பாடம் எடுக்கிறேன். தேர்வு முடிந்தால் வரும் கேள்விகள் இவை.

மகள் பத்தாவது எழுதியிருக்கிறாள். சின்னப் பிள்ளைகளோடுதான் வேலை என்கிறாள். எந்த குரூப் எடுக்கட்டும்? (ஓமலூர், ஒரு அம்மா)

என்ன வேலை என்று முதலில் அவளிடம் கேளுங்கம்மா. ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி), ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குவது), பிசியோதெரபி என்றால் அறிவியல் குரூப் வேண்டும். உயிரியலும் இருந்தால் மூன்றுக்கும் விண்ணப்பிக்கலாம். வேறு குரூப் எடுத்துவிட்டுப் பிளஸ் டூவில் வருந்திப் பயனில்லை. நர்சரி ஆசிரியை, உளவியல் என்றால் இந்தக் கட்டாயம் பெரும்பாலும் கிடையாது. கோவை அவினாசிலிங்கத்தில் மனித வளர்ச்சிக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஒரு நாள் நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

எங்கள் ஊர் அங்கன்வாடியிலேயே பணியாளராக ஆசை. பிளஸ் டூ முடித்ததும் சேரலாமா? (ஏற்காடு, மாணவி)

அதற்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும் கண்ணு. அதுவரை சும்மா இருக்காதே. மனையியல் அல்லது ஊட்டச்சத்தில் பட்டம் வாங்கினால், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவிக்கே டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம். மலைக் கிராமத்துக் குழந்தை வீட்டில் எப்படிப் பேசும் என்று உனக்குத் தெரியும். சமவெளியிலிருந்து மலைக்கு வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பழக நாளாகும்.

பாடப்புத்தகம் தவிர பள்ளியில் என்ன பயிற்சி கொடுக்கலாம்? (வாழப்பாடி, ஆசிரியை)

பார்த்ததை எழுதப் பழக்குங்கள் டீச்சர். மற்றதெல்லாம் அப்புறம். பெற்றோரிடமும் மையத்திலும் அனுமதி வாங்கி, நீங்கள் கூடவே இருந்து, அங்கன்வாடியில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். போட்டோ கூடாது, குழந்தையின் பெயரையும் எழுதக் கூடாது.

என் மாணவி ஒருத்தி, "பிடிவாதக்காரன், கூப்பிட்டால் வரமாட்டான்" என்று எழுதி வந்தாள். அது உன் கருத்து, அவன் செய்ததை எழுது என்றேன். மறுமுறை எழுதினாள்: "ஆயா பின்னால் நின்று கூப்பிட்டார், திரும்பவில்லை. தட்டு கீழே விழுந்தது, எல்லாப் பிள்ளைகளும் திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை. ஆயா எதிரில் வந்து கை காட்டியதும் ஓடிவந்தான்." படித்ததும் மையத்தில் சொல்லி, காது பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னோம். முதலில் எழுதியதை அப்படியே விட்டிருந்தால் குழந்தைக்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சியிருக்கும்.

கூடவே, குழந்தையின் மேல்கையைச் சுற்றி அளக்கும் நாடாவைப் பிடிக்கவும் கற்றுக்கொடுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. இறுக்கிப் பிடித்தால் அளவு தப்பும். பத்துக் கை அளந்தால்தான் பக்குவம் வரும்.

பையன்கள் இந்தத் துறைக்கு வரலாமா? வீட்டில் சிரிக்கிறார்கள். (மேட்டூர், மாணவன்)

தாராளமாக வா தம்பி. அங்கன்வாடிப் பணியாளர் பதவி பெண்களுக்கு மட்டும். சிறப்புக் கல்வி (மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது), தெரபி, உளவியல் எல்லாம் உனக்கும் உண்டு. சென்னை அருகே முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசு நிறுவனத்தில் மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்வதற்கான படிப்புகள் நடக்கின்றன, விசாரி.

"ஆறே மாதத்தில் சிறப்புக் கல்வி சர்டிபிகேட்" என்று விளம்பரம் பார்த்தேன். சேரலாமா? (ஆத்தூர்)

பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறப்புக் கல்வியாளர் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். மழுப்பினார்கள் என்றால் வேண்டாம்.